கறுப்பு முதுகு இருந்தா போதும்

இந்த ஏசியை யாராவது நிறுத்தித் தொலைத்தால் தேவலை. கேட்கத்தான் மோனிஷாவுக்கு வாய் வரவில்லை. வாய் இல்லாதவள் கிடையாது அவள், உனக்கு உடம்பு பூரா வாய்தான் என்று அம்மாவே சொல்வாள், ஆனாலும் இந்த மாதிரி இடத்துக்கு வந்தால், தரை பளபளவென்று செருப்பின் பிய்ந்த வாரைக்கூடத் திருப்பிக் காட்டுகிற இடத்துக்கு வந்தால், வாய் கொஞ்சம் பம்மத்தான் செய்கிறது. சோபா வேறு ஆளை உள்ளே இழுக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, சாய்ந்தால் ஏதோ விருந்துக்கு வந்த மாதிரி இருக்கிறது. எதிரே கண்ணாடி மேஜையில் இந்த விமானக் கம்பெனியின் பொம்மை விமானம் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மேலே வரிசையாக ஜன்னல். கீழே, வயிற்றில், ஒரு ஜன்னலும் கிடையாது, வழவழவென்று வெள்ளை. வந்ததிலிருந்து அந்த வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குள்தான் போகிறதுகள், பெட்டியில் அடைபட்டு, இருட்டில், தன் சத்தம் தனக்கே கேட்காத இரைச்சலில். பக்கத்தில் மைத்ரேயி மேடம் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். மேடம் என்று சொல்லாதே, அக்கா என்று சொல் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார், வருவது என்னவோ மேடம்தான். சோதனைக் கூடத்துக்கு நாய்களையும் எலிகளையும் விமானத்தில் ஏற்றாதீர்கள் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிற சங்கம் அவருடையது. காரில் வரும்போதே பாடம் நடத்திவிட்டார். "உள்ள போனதும் நான் பேசறேன் மோனிஷா. இல்லவே இல்லைன்னு சொல்லுவாங்க, லெட்டர்லயும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. அப்ப நான் உன்னைத் திரும்பிப் பார்ப்பேன். நீ போனை அவர் முன்னாடி வெச்சிடு. ஒரு வார்த்தை பேச வேண்டாம்." சரி மேடம் என்று தலையாட்டியாகிவிட்டது. இப்போது போன் உள்ளங்கையில் வேர்த்துக்கொண்டு, உயிருள்ள ஏதோ ஒன்று மாதிரி கிடக்கிறது. அதற்குள் கோகுல் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

கோகுல் அவள் அண்ணன். அந்த போட்டோவை எடுத்தவன் அவன், போட்டோவில் இருப்பவனும் அவன், மேடத்துக்கு அது தெரியாது. ரோட்டைத் தாண்டினால் தெரிகிற அந்த நீலத் தகரக் கூரைக்குக் கீழே, இதே கம்பெனியின் சரக்குக் கொட்டகையில், இந்த நிமிஷம்கூடப் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான். ஏன் எடுத்தான் அந்த போட்டோவை? அநியாயத்தை வெளியே கொண்டுவரவா? அவனா? அவனுக்கு அநியாயம் என்றால் மதிய சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் கூப்பிடுவது. எல்லாம் அம்மா செய்த வேலை. கோகுலுக்குச் சனி நடக்கிறது, கையில் இருக்கிற வேலை ஆடும் என்று நாகல்கேணி ஜோசியர் சொல்லிவிட்டார், சனிக்கிழமை தவறாமல் ஒரு கறுப்பு நாய்க்கு அவன் கையாலேயே பிஸ்கட் போட்டால் சரியாகும் என்றும் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அம்மா விடவில்லை. தெருவில் இருந்த ஒரே கறுப்பு நாயையும் கார்ப்பரேஷன் வண்டி ஆபரேஷனுக்கு என்று ஏற்றிக்கொண்டு போய் எங்கேயோ இறக்கிவிட்டது. "செஞ்சியாடா, செஞ்சியாடா" என்று அம்மா சனிக்கிழமை பூரா போன் போட்டு அரிக்க, இவன் "செஞ்சிட்டேம்மா" என்று புளுக, "பொய் சொல்ற, எனக்கு போட்டோ அனுப்பு" என்று அவள் கறாராகச் சொல்ல, அன்றைக்குப் பார்த்துக் கொட்டகையில் நாய்ப் பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. கோகுல் ஒரு பெட்டி முன்னால் குத்த வைத்து, கம்பிக்குள் பிஸ்கட்டை நீட்டி, இன்னொரு கையால் செல்ஃபி எடுத்து, "நம்ம வீடு" குரூப்பில் போட்டுவிட்டான். கீழே ஒரு வரி: கறுப்பு முதுகு இருந்தா போதும்ல? அம்மா அதற்குக் கும்பிடுகிற கை போட்டாள். மாமா ரோஜாப்பூ போட்டார். மோனிஷா ஒன்றும் போடவில்லை. அவள் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தோளுக்குப் பக்கத்தில் பெட்டி மேல் இந்தக் கம்பெனியின் பறவைப் படம் போட்ட ஸ்டிக்கர். அதற்குக் கீழே, போகிற இடம் என்ற இடத்தில், ஒரு மருந்துச் சோதனைக் கூடத்தின் பெயர். கம்பிக்குப் பின்னால் அந்த நாய் பிஸ்கட்டைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூஞ்சியை மட்டும் வெட்டிவிடலாமே. இதைத்தான் மண்டை திரும்பத் திரும்பச் சொல்கிறது, செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. வெட்டலாம். வெட்டியும் பார்த்தாள், பஸ்ஸில், படுக்கையில், நாய்க் கூண்டு கழுவும்போது ஈரக் கையோடு. கோகுலை வெட்டினால் பாதி ஸ்டிக்கரும் போகிறது, ஸ்டிக்கர் போனால் இது எங்க பெட்டியே இல்லம்மா என்பார்கள். ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு மூஞ்சியை மங்கலாக்கினால் மட்டும் என்ன ஆகும், ஸ்டிக்கரில் நம்பர் இருக்கிறது, நம்பரைத் தட்டினால் எந்த நாள் எந்த விமானம் என்று வரும், அந்த ஷிப்ட்டில் அந்த மூலையில் பெட்டி தூக்கியவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள், அதில் செல்ஃபி பைத்தியம் யார் என்று கேட்டால் கொட்டகையில் இருக்கிற பூனைகூட கோகுலைத்தான் கை காட்டும். உள்ளே போன் எடுத்துப் போட்டோ பிடிக்கக் கூடாது என்று போர்டே வைத்திருக்கிறார்களாம். அவனே சொன்னதுதான். ஏர்போர்ட்டுக்குள் போகிற பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். பாஸ் ஒருமுறை போனால் போனதுதான், இந்தக் கம்பெனி இல்லாவிட்டால் இன்னொரு கம்பெனி என்று நடையைக் கட்ட முடியாது, ஏர்போர்ட் வாசலே மூடிவிடும். அட லூசே, வேலை போகக் கூடாதுன்னு போட்ட பிஸ்கட்டுடா அது. இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ரிசப்ஷனில் இருக்கிற பெண் நிமிர்ந்து, "தண்ணி வேணுமா மேம்?" என்றாள். மோனிஷா திரும்பிப் பின்னால் பார்த்தாள். மேம் என்றது தன்னைத்தான். "வேணாங்க." வேண்டும்தான். நாக்கு அப்பளம் மாதிரி இருக்கிறது. ஏன் வேண்டாம் என்றாள்? இவர்கள் தண்ணியைக் குடித்தால் இவர்களைப் பற்றிப் பேச முடியாது என்று ஒரு நினைப்பு, சுத்தக் கிறுக்குத்தனமான நினைப்பு.

யார் அவளை வாயைத் திறக்கச் சொன்னது? அடையாறில் மேடம் வீட்டு மாடியில் எல்லாரும் பாயில் உட்கார்ந்து சோர்ந்துபோயிருந்தார்கள். ரெண்டு கம்பெனி ஏற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது, இந்த ஒரு கம்பெனி மட்டும் நாங்கள் ஏற்றுவதே இல்லை, வீட்டு நாய்கள் மட்டும்தான், அப்புறம் எதை நிறுத்துவது என்று லெட்டர் போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, ஆதாரம் இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது என்று மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது இவள், இருக்கிற ஆட்களிலேயே சின்னவள், பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் கோட்டை விட்டுவிட்டு மறுபடி எழுதவும் போகாதவள், இங்கிலீஷில் அவர்கள் பேசினால் பாதியை ஊகித்துக்கொள்கிறவள், "பொய் சொல்றானுங்க. எங்கிட்ட போட்டோ இருக்கு" என்றாள். எல்லாத் தலையும் திரும்பியது. அந்தத் திரும்பல் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, பிடித்திருந்தது. ஜென்மத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வந்த ஒன்றுக்கு அத்தனை படித்தவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அனுப்பு என்றார்கள். அனுப்ப மாட்டேன், நேரில்தான் காட்டுவேன் என்று அண்ணன் மூஞ்சிமேல் கட்டை விரலை வைத்து மறைத்துக்கொண்டு மேடத்துக்கு மட்டும் காட்டினாள். "யாரும்மா எடுத்தது?" "தெரிஞ்சவங்க." "அவங்க சம்மதிச்சாங்களா?" "ம்." அந்த ம் இருக்கிறதே. ரெண்டு உதடும் திறக்காமல் சொல்கிற பொய். அது சின்னதாக, நோகாமல் போய்விட்டது. இப்போது ஏசிக்குள் உட்கார்ந்துகொண்டு அந்த ம்-மை மென்று விழுங்க வேண்டியிருக்கிறது, கோகுல் இன்னும் எதிர்க் கொட்டகையில் ஒன்றும் தெரியாமல் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பெட்டி தூக்குகிறான்.

ஆனால் புதன் இருக்கிறது. புதனை நினைக்காமல் இருக்க முடியுமா. திருநீர்மலைப் பக்கம் அவள் கூண்டு கழுவுகிற நாய்கள் காப்பகத்துக்கு ஒரு புதன்கிழமை கொண்டுவந்து விட்டார்கள், எங்கேயோ ஒரு சோதனைக் கூடத்தில் வேலை முடிந்துபோன நாய் என்று, அதனால் பேரும் புதன். நீளக் காது, வெள்ளைக் கால், பார்க்க சினிமாவில் பணக்காரப் பிள்ளைகள் கொஞ்சுகிற ஜாதி. குரைக்காது. சத்தம் போட்டால் மூலைக்குப் போகும். புல்லில் இறக்கிவிட்டால் நாலு காலையும் ஒட்ட வைத்துக்கொண்டு, சுடுகிற தரையில் நிற்கிற மாதிரி நிற்கும். அதெல்லாம் பரவாயில்லை, அதெல்லாம் பழகிக்கொள்ளும் என்று விடலாம். கால் நீட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு யார் உள்ளே வந்தாலும், டாக்டர் வந்தாலும், பால்காரர் வந்தாலும், ஒரு நாள் வெள்ளைச் சுடிதாரில் இவளே வந்தாலும், அது எழுந்து முன்னால் வந்து முன்னங்காலை நீட்டும். கை குடுக்குது பாரேன் என்று இவள்கூட முதலில் சிரித்தாள், பிடித்துக் குலுக்கினாள். டாக்டர்தான் அந்தக் காலின் மயிரை ஒதுக்கிக் காட்டினார், ஊசி குத்திக் குத்தித் தோல் தடித்துப்போன இடத்தை. ரத்தம் எடுக்கிற கால் அது. அடம் பிடித்து அடம் பிடித்து, கடைசியில் சரி எடுத்துத் தொலை என்று நீட்டப் பழகியிருக்கிறது. பிடித்துக் குலுக்கினோமே. அந்தக் கையை அன்றைக்கு அவள் சோப்புப் போட்டுக் கழுவினாள், கை என்ன செய்தது பாவம். அதன் பிறகுதான் இந்தச் சங்கம், பெசன்ட் நகர் கடற்கரையில் அட்டைக் கூண்டுக்குள் நாய் முகமூடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது, ஒரு தாத்தா குனிந்து "என்னம்மா விக்கிறீங்க?" என்று கேட்டது, எல்லாம். ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது, அது சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அம்மா ராத்திரி சாப்பிடுமுன் போடுகிற சர்க்கரை மாத்திரை. அதுவும் ஏதோ ஒரு புதன் காலை நீட்டித்தானே வந்திருக்கும்? மேடத்திடம் கேட்டாள். வேறு வழிகள் வந்துவிட்டன, கண்ணாடிக் குழாயில் வளர்க்கிற செல், கம்ப்யூட்டர் என்று நிறைய சொன்னார். பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு இன்னும் பதில் இல்லை, பதில் இல்லாமலேதான் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்றால் எவரும் வாசப்படியைத் தாண்ட முடியாது. சரி, அதற்காக அண்ணனைத் தூக்கிப் போடலாமா? நாயா அண்ணனா என்று யாராவது கேட்டால்? கேட்கிறவன் வாயை உடைக்கலாம். ஆனால் கேட்கிறது வேறு யாரும் இல்லையே.

பாஸ் வந்த நாளை நினைத்துப் பார். வேண்டாம், நினைக்காதே. அவன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனான். "இன்னா, பிளேன் ஓட்டப் போறியா?" என்று கடையில் இருக்கிறவர் கேட்டதற்கு, "இல்ல, பிளேனுக்குச் சோறு ஊட்டப் போறேன்" என்றான். தோல் ஷெட்டில் வேலை செய்து விரல் நுனி எல்லாம் வெந்து, மால் பார்க்கிங்கில் விசில் ஊதித் தொண்டை கட்டி, பைக்கில் பிரியாணி டெலிவரி பண்ணிக் கீழே விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, அதற்கெல்லாம் பிறகு வந்தது அந்த அட்டை. பாஸுக்காகப் போலீஸ்காரர் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா இருக்கிற ஒரே நாற்காலியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினாள். குளிக்கும்போது மட்டும்தான் பாஸைக் கழற்றுவான், அதையும் சாமி படத்து ஆணியில்தான் மாட்டுவான். அவள் படிப்பை விட்டபோது வீட்டில் எல்லாரும் திட்டினார்கள், அவன் ஒருத்தன்தான், "வுடும்மா, அவளுக்கு எது புடிக்குதோ அது பண்ணட்டும், நான்தான் சம்பாதிக்கிறேன்ல" என்றான். நான்தான் சம்பாதிக்கிறேன்ல. கேட்டிருக்கலாம். நேற்று சாப்பிடும்போது கேட்டிருக்கலாம், அண்ணா உன் போட்டோவைக் காட்டப்போறேன் என்று. ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பான், அதனால்தான் கேட்கவில்லை, இதைவிடச் சுருக்கமாக இதைச் சொல்ல முடியாது.

கையில் இருந்த சனியன் அதிர்ந்தது. திரையில் கோகுல் பெயர். மோனிஷா தூக்கிவாரிப்போட எழுந்தாள், ஒரு நிமிஷம் மேடம் என்று வாயசைத்துவிட்டு, கழிவறைப் பக்கமாக இருக்கிற நடைக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "மோனி, எங்கடி இருக்க? அம்மா போனை எடுக்க மாட்டேங்குது. சொல்லிடு, இன்னிக்கு சனிக்கிழமை பிரச்சனை முடிஞ்சிச்சு. அந்த நாய்ங்க இன்னிக்கும் வந்திருக்கு, அதே லேப்பு. வரிசையா வெச்சிருக்கோம். இந்தத் தடவை ஒண்ணு நல்லாக் கறுப்பா இருக்குடி, அம்மாவுக்குக் குஷியாயிடும்." பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது. போன் வழியாகக் கேட்கிறதா, ரோட்டைத் தாண்டி நிஜமாகவே கேட்கிறதா என்று ஒரு கணம் குழம்பியது. இப்போது சொல். இப்போதே. நாக்கே, இத்தனை நாள் ஆடினாயே. "அண்ணா, நான் உனக்கு எதிர்லதான் இருக்கேன். உங்க கம்பெனி ஆபீஸ்ல. மேனேஜரப் பாக்க." "எதுக்குடி? வேலைக்கா?" என்றான் சந்தோஷமாக. அந்தச் சந்தோஷம்தான் அவளை வெட்டியது. "நீ நாய்க்கு பிஸ்கட் குடுத்தல்ல, அந்த போட்டோ. அதக் காட்டப்போறேன். லேபுக்கு நாய் ஏத்துறதே இல்லன்னு பொய் சொல்றாங்கண்ணா. மேடம் வந்திருக்காங்க." சக்கரச் சத்தம் நின்றது. அவன் எங்கேயோ ஒதுங்கிப் போகிறான், மூச்சு மட்டும் பெரிசாக வருகிறது. "அதுல என் மூஞ்சி இருக்குடி." "தெரியும்." "தெரிஞ்சுமா? உன் நாய்க்கு எல்லாம் பார்த்த. எனக்கு என்ன பார்த்த நீ? காட்டின, வீட்டுக்கு வராத. செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். கேக்குதா?" "கேக்குது." "சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருக்காரு, நான் போனாண்ட உக்காரணும், வை." ஆனால் வைக்கவில்லை. அவள் காதில் அவன் மூச்சு இன்னும் கொஞ்ச நேரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "சத்தமே போடலடி அதுங்க," என்றான், வேறு யாரோ சொல்கிற மாதிரி. "அன்னிக்கும் போடல." அப்புறம் வைத்துவிட்டான்.

"மோனிஷா, கூப்பிடறாங்க." மேடம் புடவையைச் சரிசெய்துகொண்டே நடந்தார், அவர் பின்னால் இவள். மேனேஜர் பரந்தாமன் எழுந்து நின்று கும்பிட்டார், உட்காரச் சொன்னார், டீ சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். டை கட்டிய, கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்டுப்போன மனுஷர். வெள்ளைச் சட்டை. மேடம் பேசினார், இந்த நாய்கள் எங்கே வளர்க்கப்படுகின்றன, எங்கே போகின்றன, விமானம் இல்லாவிட்டால் அந்தச் சங்கிலி எங்கே அறும், எல்லாம் அடுக்கடுக்காகப் பேசினார், மோனிஷாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தண்ணிக்கு அடியிலிருந்து கேட்பது மாதிரி கேட்டது. "மேடம், உங்க உணர்வை மதிக்கிறேன்," என்றார் அவர். "ஆனா இல்லாததை எப்படி நிறுத்துறது? எங்க ஸ்டேஷன்ல பெட் டாக்ஸ்தான் வரும். டிரான்ஸ்பர் ஆகிப் போற குடும்பம், அவங்க நாய். நான் பொறுப்போட சொல்றேன்." இதுதான் அந்த இடம். மேடம் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த நம்பிக்கையைத்தான் அன்றைக்கு மாடியில் பிடித்திருந்தது, இன்றைக்கு அது முகத்தில் வெளிச்சம் அடிக்கிற டார்ச் மாதிரி இருக்கிறது. கட்டை விரல் திரையில். திறந்தால் கோகுல் சிரிப்பான். வீட்டுக்கு வராத. சத்தமே போடலடி. ஒரு விரல் அசைந்தால் போதும், அந்த விரல் யாருடையது என்று ஒரு கணம் தெரியவே இல்லை. "மோனிஷா?" என்றார் மேடம். போனை எடுத்துப் பைக்குள் போட்டாள். "போட்டோ காட்ட மாட்டேன் மேடம்," என்றாள். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "எடுத்தவங்க சம்மதிக்கல. சம்மதிச்சாங்கன்னு நான் சொன்னது பொய்." மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள், மேஜைக் கண்ணாடியிலும் மேடத்தின் முகம்தான் தெரிந்தது. பரந்தாமன் நாற்காலியில் சாய்ந்தார். ஜெயித்த மாதிரிகூட இல்லை, பாவம் என்று பார்த்தார், அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. "ஆனா பொய் சொல்றது நான் மட்டும் இல்ல சார்," என்றாள். "ஏம்மா, நான் ஏன் பொய் சொல்லணும்? சந்தேகம்னா இப்பவே தீர்த்துக்குவோம், உங்க முன்னாடியே ஷெட்ல கேக்கறேன்," என்று அவர் மேஜை போனை இழுத்து ஸ்பீக்கரைப் போட்டு ரெண்டு எண்ணைத் தட்டினார்.

மணி அடித்தது. அய்யோ, அங்கே போனாண்ட உட்கார்ந்திருப்பது. சார் வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள், ஏன் வேண்டாம் என்று கேட்பார், அப்புறம் எல்லாம் அவிழ்ந்துவிடும், மூடிக்கொண்டாள். மறுபடி அடித்தது. எடுக்காதே. ஒண்ணுக்குப் போ, டீக்குப் போ, எங்கேயாவது போ. எடுத்தாலும் இல்லை என்று சொல்லிவிடு அண்ணா, இல்லை என்று ஒரு சொல், உன் அட்டை கழுத்திலேயே தொங்கட்டும். இப்படி வேண்டிக்கொள்கிறாளே, யார் இவள், எதற்கு இங்கே வந்தாள்? இல்லை என்று சொன்னால் அத்தோடு முடிந்தது, மேடம் எழுந்து போவார், பெட்டிகள் சாயங்காலம் வயிற்றுக்குள் ஏறும். சொல்லாதே. சொல்லு. எந்தப் பக்கம் வேண்டிக்கொள்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "கார்கோ ஷெட்," என்றது கோகுலின் குரல், வீட்டில் பேசாத ஒரு குரல், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்கிற குரல். "பரந்தாமன் பேசறேன்பா. இப்ப ஷெட்ல நாய் ஏதாவது இருக்கா?" ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும். தள்ளுவண்டி ஒன்று போய்த் தேய்ந்தது. அவனுக்குத் தெரியும், அவள் இந்த அறையில் இருக்கிறாள் என்று தெரியும், இந்த மௌனம் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிற மௌனம். "இருக்கு சார்." "வீட்டு நாய்தானே? ஓனர் வந்திருக்காங்களா?" "ஓனர் யாரும் இல்ல சார். லேபுக்குப் போகுது. பெட்டி மேலயே எழுதியிருக்கு." பரந்தாமனின் கை மேஜை மேல் அப்படியே நின்றது. மேடம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "எத்தனை நாளா..." என்று தொடங்கிய மேனேஜர் அதை விழுங்கிவிட்டு, "யாருப்பா நீ? சூப்பர்வைசர் எங்க?" என்றார், குரலில் இப்போது மரியாதை எல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. "சாப்பிடப் போயிருக்காரு சார். நான் லோடர்." கொஞ்சம் நிறுத்தி, எதிரில் எழுதிக்கொள்கிறவருக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக, "கோகுல்நாத் சார். எஸ். கோகுல்நாத்," என்றான். மோனிஷா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஸ்பீக்கரை அணைக்கிற பொத்தான் எது என்று பரந்தாமன் போன் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார், அது கிடைக்கவில்லை, கோகுல் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "சார், ஒண்ணு கேக்கணும். தண்ணி வைக்கக் கூடாதுன்னு பெட்டில போட்டிருக்கு. ஆனா எல்லாத்துக்கும் நாக்குத் தொங்குது சார். வைக்கட்டுமா? சார்? லைன்ல இருக்கீங்களா சார்?"